ஒல்லாந்தர் கோட்டையில் பூண்டுப் புகை

காலை நேரம். மழை விட்டிருந்தது. கோட்டைச் சுவர் மேல் ஒரு போலீஸ்காரர் ஏறி நின்றார். கையில் லத்தி. வாசலில் இன்னும் சிலர். எல்லோரும் மூக்கைத் தூக்கி முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே பொன்னையா மாமாவும் நானும். எங்கள் தலைக்கு மேல் பூண்டு தொங்கியது. காலடியில் புகை. மாமா இடுப்பில் ஒரு துண்டு மட்டும்தான். வேட்டி நனைந்து, பூண்டோடு சேர்ந்து அதுவும் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவன்டா உள்ள? ரெண்டு கையையும் தூக்கிட்டு வெளிய வாங்கடா."

மாமா என்னைப் பார்த்தார்.

"ஏலே, கையத் தூக்குனா துண்டு அவுந்துருமே" என்றார்.

அப்போதெல்லாம் மதுவிலக்கு. நாங்கள் கொடைக்கானல் மேல்மலைக்காரர்கள். கடலோரத்தில் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் எதற்குப் போனோம், எதற்குப் புகை போட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் பேச்சுக்காரன் இல்லை. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. இந்தத் தொடரை எழுதச் சொன்ன பத்திரிகைத் தம்பி, "பேசுற மாதிரியே எழுதுங்க" என்றார். நான் பேசுவதே கிடையாது என்றேன். அப்படியானால் இன்னும் நல்லது என்றார்.

பரண் சோலி

எங்கள் மலையில் பூண்டைப் பிடுங்கியதும் தாளை அறுக்க மாட்டோம். தாளோடு பிடிபிடியாக முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். கீழே புகை போட வேண்டும். தீ எழும்பக் கூடாது. புகை மட்டும். அப்படிப் புகை குடித்த பூண்டு வருஷம் ஆனாலும் கெடாது. நிறம் பழுப்பாகிவிடும். வாசம் இறங்காது.

இது பெண்கள் சோலி. ஆண் பிள்ளை வெட்டுவான், சுமப்பான், விற்பான். பரணுக்குக் கீழே உட்கார மாட்டான். உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும்.

நான் உட்கார்ந்தேன். அப்பா சீக்கிரம் போய்விட்டார். கூடப் பிறந்த பெண் யாரும் இல்லை. அம்மாவுக்குப் புகை பட்டால் கண் திறக்க முடியாது. வேறு ஆள் ஏது? ஊரில் எனக்கு அடுப்படி வேலப்பன் என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொன்னையா மாமா மேலத் தெருக்காரர். சொந்தம் இல்லை, கூப்பிடுவதற்கு மாமா. அவர் மகள் ராக்கு. அம்மா போய்ப் பெண் கேட்டாள்.

"பையன் நல்ல பையன்தான்" என்றாராம் மாமா. "ஆனா அடுப்படியில உக்காந்து புகை போடுறவனுக்கு எப்படித்தா பொண்ணக் குடுக்குறது? அவன் புகை போட்டா, எம் மக என்ன செய்வா? ஏர் ஓட்டுவாளா?"

முடியாது என்றும் சொல்லவில்லை.

"இந்த வருசப் பூண்டெல்லாம் பட்டணத்துக்குப் போகுதுல்ல. அவன் கொண்டு போகட்டும். எம் பூண்டையும் ஏத்துறேன். நானும் கூடப் போறேன். ஆளு எப்படின்னு பார்ப்போம்."

லாரி ஏறும் அன்று வெள்ளனே ராக்கு தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள்.

"எங்கப்பாகிட்டப் பேசிக்கிட்டுப் போங்க. ஊமையாட்டம் வராதீங்க" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாச்சும். வாய் இருக்குல்ல?"

தலையை ஆட்டினேன்.

"பாருங்க, இப்பவும் தலையத்தான் ஆட்டுறீங்க" என்று போய்விட்டாள்.

லாரி நின்ற இடம்

ஐப்பசி மாதம். லாரியின் டிரைவர் காதர் பாய், வத்தலக்குண்டுக்காரர். முன்னால் கேரட்டும் முட்டைக்கோசும். பின்னால் எங்கள் பூண்டு. காய்கறியைக் கல்பாக்கத்தில் ஒரு மெஸ்ஸில் இறக்க வேண்டும். அங்கே அப்போது புது ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. அப்புறம் பூண்டு பட்டணத்துக் கொத்தவால்சாவடிச் சந்தைக்கு.

பெருமாள்மலையில் டீ குடித்தோம். மாமா பேசவில்லை. நானும் பேசவில்லை. திண்டுக்கல் தாண்டியதும் காதர் பாய் கேட்டார். "ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லையே" என்றார் மாமா.

"அப்ப இதுதான் சமாதானமா?" என்றார் பாய்.

திருச்சி தாண்டி மழை பிடித்தது. செங்கல்பட்டுப் பக்கம் போகும்போது காற்று தார்ப்பாயைக் கிழித்துவிட்டது. கல்பாக்கத்தில் காய்கறியை இறக்கினோம். கிளம்பி, பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் என்ற ஊரில் லாரி மடாரென்று உட்கார்ந்தது. ஆக்சில் போய்விட்டது. பாய் சாமான் வாங்கச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மாமா அன்றுதான் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார். மழையில் நனைந்தபடி வெகுநேரம் நின்றார்.

"இம்புட்டுத் தண்ணிய வச்சிருக்கான். ஒரு பாத்தி போடலையேலே" என்றார்.

லாரி மேல் ஏறிப் பூண்டைத் தொட்டுப் பார்த்தேன். அடி மூட்டைகள் வரை நனைந்திருந்தது. நனைந்த பூண்டு மூட்டைக்குள் கிடந்தால் வெந்துபோகும். முளை விடும், பிறகு அழுகும். அவருக்கும் எனக்கும் அந்த வருஷத்து உழைப்பு அதுதான். எனக்கு அதற்கு மேலும் ஒன்று அந்த மூட்டைகளில் இருந்தது. மாமா என் முகத்தைப் பார்த்தார். "போச்சா?" என்றார்.

"இன்னும் போகல" என்றேன்.

அஞ்சலையின் ஆடுகள்

அந்த நேரம் ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். பெயர் அஞ்சலை. நடு வயது. குரல் மழையை மிஞ்சும்.

"இன்னாபா இது, பூண்டா? தொப்பமா நனைஞ்சு கீதே. கோட்டைக்குள்ளார கொண்டாந்து போடு. ஒரு கூரை இன்னும் நிக்குது."

திரும்பிப் பார்த்தோம். முள்ளுக்குப் பின்னால் பெரிய செங்கல் சுவர். வாசல் மேல் மரம் முளைத்திருந்தது. கோட்டை என்று சொன்னால்தான் தெரியும்.

"யாரைக் கேக்கணும்த்தா?" என்றார் மாமா.

"கட்டினவன் உள்ளாரதான் படுத்துக்கினு கீறான். கேட்டுப் பாரு. பதில் சொன்னான்னா எனக்கும் சொல்லு."

உள்ளே போனால் ஒரு பக்கம் கல்லறைகள். படுக்கைக் கற்கள். எழுத்தெல்லாம் வேறு பாஷை. ஒரு கல்லில் கப்பல் செதுக்கியிருந்தது. இன்னொன்றில் மண்டையோடு.

"செத்தவன்னு நமக்குத் தெரியாதாக்கும். படம் வேற போட்டிருக்கான்" என்றார் மாமா.

கல்லறைக்கு அந்தப் பக்கம் நீளமான கிட்டங்கி, அந்தக் காலத்துச் சரக்கு அறை. வளைவுக் கூரை. பாதி விழுந்துவிட்டது, மீதிப் பாதிக்குக் கீழே தரை காய்ந்து கிடந்தது. அங்கேதான் அஞ்சலையின் ஆடுகள் அடைவது.

மூட்டைகளைச் சுமந்து போட்டோம். எங்கள் ஊரில் பரணில் முதல் பிடி ஏற்றும் முன் ஒரு பூண்டை இடத்துச் சாமிக்கு வைப்போம். இங்கே சாமி யார் என்று தெரியவில்லை. மாமா யோசித்தார். ஒரு நல்ல பூண்டாக எடுத்து, கப்பல் போட்ட கல் மேல் வைத்துக் கும்பிட்டார்.

"குடியிருந்தவன்கிட்டச் சொல்லிட்டுச் செய்யணும்ல" என்றார்.

கட்டினவன் போனான்

அந்தக் கோட்டையைப் பற்றி அஞ்சலை சொன்னது கொஞ்சம். பின்னால் நான் விசாரித்தது கொஞ்சம். எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.

கட்டியவர்கள் ஒல்லாந்துக்காரர்கள். டச்சுக்காரன் என்றும் சொல்வார்கள். துணி வாங்க வந்தவர்கள். அந்தப் பக்கத்து நெசவுத் துணி மெல்லியது, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். துணி வைக்கக் கிட்டங்கி, நெல் வைக்கக் கிட்டங்கி. அதைக் காக்கச் சுவர். சுவரைக் காக்கப் பீரங்கி.

அவர்கள் ஊரில் சண்டை வந்தால் இங்கே குண்டு விழும். இங்கிலீஷ்காரன் பிடித்தான். திருப்பிக் கொடுத்தான். மறுபடி பிடித்தான். கடைசியில் அவன் கையில் நின்றது. அவனுக்கு மதராஸில் சொந்தக் கோட்டை இருந்தது. இது எதற்கு? விட்டுவிட்டான்.

அப்புறம் யாரும் வரவில்லை. ஆடு வந்தது.

செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் நடந்துவிட்டது. "எங்க வூட்டு அடுப்பு ஒல்லாந்துக் கல்லு. சோறு மட்டும் நம்ம சோறு" என்றார் அஞ்சலை.

அந்தக் கற்களை ஒரு வாத்தியார் வந்து படித்துப் பார்த்தாராம். பச்சைப் பிள்ளைகள், சிறு வயதுப் பெண்கள் எல்லாம் உள்ளே இருக்கிறார்களாம். காய்ச்சலாக இருக்கும். என் தாத்தா அடுக்கம் பாதையில் வெள்ளைக்காரர்களை டோலியில் தூக்கியவர். அவர்கள் காய்ச்சலுக்குப் பயந்து மலை ஏறியவர்கள். மலையில் ஏறியவன் பிழைத்தான், பங்களா கட்டினான், பேரிக்காய் நட்டான். இந்த ஒல்லாந்துக்காரர்களுக்கு எங்கள் மலை இருப்பதே தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். தெரிந்திருந்தால் என் தாத்தாவின் தாத்தாவுக்கும் தோள் வலித்திருக்கும்.

பிறகு ஒருமுறை நாகூர் போனபோது தரங்கம்பாடியிலும் ஒரு கோட்டை பார்த்தேன். அது டேனிஷ்காரன் கட்டியது. இதைவிட நன்றாக நிற்கிறது. கடல்தான் பக்கத்தில் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

நாயுடுபுரத்தில் எனக்குப் பழக்கமான கொத்தனார் ஒருவர் உண்டு. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"மன்னாரிலயும் அவன் கோட்டை கெடக்கு தானே. கப்பலுக்கு வரும்போது பார்த்தோம். கட்டிப்போட்டுப் போயிட்டான். நாங்க தேயிலை நட்டுப்போட்டு வந்த மாதிரி."

கரணையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பொம்பளை சோலி

கிட்டங்கிச் சுவரில் பழைய உத்தரக் குழிகள் இருந்தன. உத்தரம் எப்போதோ போய்விட்டது. அஞ்சலை சவுக்குக் கம்புகள் கொடுத்தார். குழிக்குக் குழி செருகினேன். பரண் ஆகிவிட்டது. பூண்டைப் பிடிபிடியாகப் பிரித்துத் தொங்கவிட்டோம்.

மாமா விறகைக் குவித்துத் தீ வைத்தார். தீ நாக்கு நீட்டி எழும்பியது.

"மாமா, அணைங்க" என்றேன்.

"எதுக்கு? காய வேண்டாமா?"

"வெந்துரும்."

அவருக்குக் கோபம். ஆனால் அவர் வாழ்நாளில் பரணுக்குக் கீழே உட்கார்ந்தது கிடையாது. அவர் வீட்டில் ராக்கு பார்த்துக்கொள்வாள். அணைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

நான் தேங்காய் மட்டையைக் கீழே பரப்பினேன். அதன் மேல் காய்ந்த ஆட்டுப் புழுக்கை. கோட்டைக்குள் அதற்குக் குறைவே இல்லை. ஓரத்தில் கங்கு வைத்தேன். தீ வரவில்லை. புகை மெதுவாக எழுந்தது. பூண்டுக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தேன். சூடு தெரிய வேண்டும், கையை எடுக்கத் தோன்றக் கூடாது. அதுதான் பதம். அம்மா சொல்லிக் கொடுத்தது.

மாமாவும் கையை நீட்டிப் பார்த்தார். அப்படியே வைத்திருந்தார்.

"எங்கய்யா பார்த்தா இந்தக் கோட்டைச் சுவத்துல முட்டிக்கிட்டுச் செத்துருப்பாரு. ரெண்டு ஆம்பளை, பொம்பளை சோலி" என்றார்.

பிறகு அவரே போய்ப் புழுக்கை அள்ளி வந்தார்.

ராக்கு சொன்னது ஞாபகம் வந்தது. எதையாவது பேச வேண்டும். யோசித்தேன்.

"மழை விட்டுரும் மாமா" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பகல் போனது. இரவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். விடிந்தபோது மழை விட்டது. பூண்டின் மேல்தோல் சலசலத்தது. நசுக்கிப் பார்த்தேன். கெட்டி. மாமாவும் நசுக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றம். அஞ்சலை ஒரு கிடாயை விற்கச் சந்தைக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் வந்தவர்களுக்கு வாசலிலேயே பதில் சொல்லியிருப்பார்.

எங்கள் மலையில் கூரைமேல் புகை வந்தால், வீட்டில் ஆள் இருக்கிறது, நன்றாக இருக்கிறார்கள் என்று பொருள். புகை இல்லாவிட்டால்தான் கதவைத் தட்டுவோம். கடலோரத்தில், மதுவிலக்குக் காலத்தில், ஆள் இல்லாத கோட்டையின் உடைந்த கூரை வழியாக நாள் முழுக்கப் புகை வந்தால் அதற்குப் பொருள் வேறு என்று எங்களுக்குத் தெரியாது.

கையைத் தூக்கியபடி

மாமா ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கினார். நான் இரண்டையும் தூக்கினேன். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். இருமினார்.

"ஊறல் எங்க?"

"என்ன ஊறல்ங்க?" என்றார் மாமா.

"சாராய ஊறல். பானை எங்க பொதைச்சு வச்சிருக்க?"

மாமா முகம் மலர்ந்துவிட்டது. மழையில் நனைந்து குளிரில் நடுங்கிய மனிதர்.

"இங்க இருக்குங்களா?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

ஒரு கான்ஸ்டபிள் திரும்பி நின்று சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தேடச் சொன்னார். கம்பால் மண்ணைக் குத்தினார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது ஒரு சோற்றுப் பானை, மாமாவின் வேட்டி, மூலையில் தூங்கிய ஓர் ஆட்டுக்குட்டி. ஒருவர் கல்லறையிலிருந்து பூண்டை எடுத்து வந்தார்.

"இது என்ன? அடையாளமா?"

"வாடகைங்க" என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் பூண்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொடைக்கானல்ல இருந்து வந்து, கோட்டைக்குள்ள உக்காந்து பூண்டுக்குப் புகை போடுறீங்க. இதை நான் நம்பணும். பூண்டுக்கு எவன்யா புகை போடுவான்?"

"எங்க ஊர்ல பொம்பளைங்க போடுவாங்க."

"நீங்க பொம்பளைங்களா?"

கான்ஸ்டபிள்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இந்தச் சிரிப்பு எனக்குப் பழகியது. மாமாவுக்கு இது புதிது. எனக்கு அவரை நினைத்துத்தான் கவலை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா துண்டை இறுக்கிக் கட்டினார்.

"இவன்தாங்க புகை போட்டான். நனைஞ்சு போன பூண்டுங்க. எம் பூண்டையும் சேத்துக் காப்பாத்திக் குடுத்துருக்கான். நசுக்கிப் பாருங்க. எங்க ஊர்ப் பொம்பளைங்களே இவன்கிட்டக் கத்துக்கணும்ங்க."

இன்ஸ்பெக்டர் நசுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இவன் யாரு உனக்கு?"

"மருமகனுங்க."

என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"ஆகலைங்க. தை மாசம்" என்றார் மாமா.

இதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

அதற்குள் அஞ்சலையின் குரல் வாசலில் கேட்டது. சந்தைக்குப் போகிற வழியில் யாரோ சொல்ல, கிடாயையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

"இன்னா சார், அதுங்க என் விருந்தாளி. சாராயம் காச்சறவன் கூரைக்கு மேல புகை விட்டு ஊரையே கூப்புடுவானா?"

இன்ஸ்பெக்டருக்கு அது சரி என்று பட்டிருக்க வேண்டும். கிளம்பிவிட்டார். மாமா பின்னாலேயே போய் ஆளுக்கு ஒரு பிடி பூண்டு கொடுத்தார்.

"வீட்ல அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிடுங்க. பொம்பளைங்கதான் செய்யணும்னு இல்லைங்க" என்றார்.

வந்த வழியே

லாரி சரியானது. கொத்தவால்சாவடி மண்டிக்காரர் பூண்டை மூக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றோம். நல்லபடியாக விற்றது.

திரும்பும் வழியில் மாமா என்னிடம் தை மாதத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. போலீசுக்குப் பயந்து சொன்னாரா, மனதில் இருந்து சொன்னாரா, தெரியவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று சும்மா இருந்தேன். காதர் பாயிடம் மட்டும் மாமா கோட்டைக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். பாய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாடகையா" என்று திண்டுக்கல் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

விற்கப் போன பூண்டில் ஒரு பிடியைத் திருப்பிக் கொண்டுவந்து விதையோடு சேர்ப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷப் பிடியை மேல்பாத்தியில் நட்டோம். இன்றும் அதற்குக் கோட்டைப் பாத்தி என்றுதான் பெயர். கோட்டை எங்கே என்று கேட்கிறவர்களுக்குக் கிழக்கே கையைக் காட்டுவேன்.

ஊருக்கு வந்து சேர்ந்தோம். மாமா வீட்டு வாசலில் சாக்குகளை இறக்கினோம். பாய் ஏற்கெனவே ராக்குவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சும்மா டயரைத் தட்டிக்கொண்டு நின்றார்.

மாமா கால் கழுவிக்கொண்டிருந்தார். ராக்கு செம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"அப்பா, போலீசுகிட்டத் தை மாசம்னு சொன்னீங்களாமே. பயத்துல சொன்னதா, நெசமா?"

நான் சாக்கை உதறிக்கொண்டிருந்தேன். உதற ஒன்றும் இல்லை. ஆனாலும் உதறினேன்.

மாமா அடுத்த காலைக் கழுவினார்.

"போலீசுகிட்டப் பொய் சொன்னா உள்ள வச்சுருவாங்கத்தா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

பாய் டயரை விட்டுவிட்டு லாரியில் ஏறினார். ஹாரனை ஒருமுறை அடித்தார்.

ராக்கு என் கையிலிருந்த விதைப் பிடியை வாங்கினாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"இதென்ன வாடை? ஆட்டு வாடையாட்டம் இருக்கு."

"ஒல்லாந்துக்காரன் வாடை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசுறீங்களே" என்றாள்.